நான்காம் நாளுக்கு ஒரு குளிர்பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. பெரிய சூட்கேஸ் அளவு. வண்டியில் வைத்து எங்கும் கொண்டுபோகலாம், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும். பழைய சாமான் கடையில் பிடித்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, ஒரு கைப்பிடியைக் காணோம். "அடிபட்டிருக்கு சார், ஆனா உயிர் இருக்கு" என்றார் கடைக்காரர். ஃப்ரிட்ஜைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் அச்சகத்தின் பின்னறையில், காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இயந்திரத்தின் மேல் வக்கீல் அனுப்பிய உறை கிடக்கிறது. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று எழுதிய தாள். மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் இடம் காலி. ஏரிக்குப் போய் வந்த பிறகு போடுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஏரிக்கு யார் யார் போகிறோம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வழக்கம்போல ஏப்ரல் கடைசி வாரம். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் வந்தாள். அம்மாவோடு இருக்கிறாள், ஞாயிறு மத்தியானம் மட்டும் எனக்கு. ஃப்ரிட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"ஏரிக்கு. வெயில்லயே ஓடும். ஒரு பேனல், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். இனிமே ஐஸ் வாங்க வேண்டாம்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"முதல்ல இது ஓடட்டும்."

"பதினாறு வருஷம் ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சோம். இப்பதான் உங்களுக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு வெகுநேரம் ஃப்ரிட்ஜின் நசுங்கிய பக்கத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மார்ச் 11, புதன்

சோலார் பேனல் கிடைத்தது. நூறு வாட். சட்டத்தின் ஒரு மூலை வளைந்திருக்கிறது, அதனால்தான் விலை என் கைக்கு எட்டியது.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வரவில்லை. பரீட்சையாம்.

எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகும். ஒவ்வொரு வருடமும் ஏரிக்கரையில் கூடாரம் போடுவோம். ஐஸ் பெட்டியில் பால், முட்டை, மீன். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நான் சொல்வேன்: "ஐஸ் கரைஞ்சிடுச்சு. பால் கெட்டுடும். கிளம்பலாம்." மனைவி தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஏங்க, இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போலாமே." அதற்குள் நான் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்திருப்பேன். அச்சகத்தில் எப்போதும் யாருக்காவது நாளைக்கே ஏதாவது வேண்டியிருக்கும்.

பதினாறு தடவை கேட்டாள். பதினாறு தடவையும் பால் கெட்டுவிடும்.

போன ஆகஸ்டில் இரண்டு பைகளோடு கிளம்பியபோதும் சண்டை ஒன்றும் இல்லை. "கோபமெல்லாம் இல்லைங்க. அலுத்துப் போச்சு" என்றாள். கோபம் என்றால் கெஞ்சியிருப்பேன். அலுப்புக்கு என்ன செய்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இங்கேகூட எழுதக் கை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஓடுகிறது! பேனலை அச்சகத்துக் கொல்லையில் வெயிலில் வைத்தேன், அதன் நிழலிலேயே பேட்டரி. ஃப்ரிட்ஜ் மரத்தடியில். இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர் வயர். வீட்டில் சும்மா கிடந்த அழைப்பு மணி வயர், நீளம் கச்சிதமாக இருந்தது. முப்பத்தொன்றில் ஆரம்பித்து மதியத்துக்குள் நான்கு டிகிரி. ஒரு தம்ளர் பால் வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள் அந்தப் பாலை அவள் குடிப்பது மாதிரி நினைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டுமே.

மார்ச் 19, வியாழன்

சிவப்பு விளக்கு. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. பால் திரிந்துபோயிற்று.

மார்ச் 23, திங்கள்

பேட்டரிதான் சரியில்லை என்று வேறு ஒன்று, பெரிதாக, வாங்கி மாற்றினேன். ஒன்றரை நாள். மறுபடியும் சிவப்பு. "பேட்டரி தீர்ந்தது" என்று காட்டுகிறது. எப்படித் தீரும்? நாள் முழுக்க வெயில் கொளுத்தியதே! காலால் ஒரு உதை விட்டேன். நசுங்கல் இரண்டாகிவிட்டது. கட்டைவிரலும் வீங்கிவிட்டது. வீட்டில் சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லை.

மார்ச் 26, வியாழன்

பேட்டரிக் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். பேசுவது குறைவு. மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டே முக்கால் வோல்ட். நடந்து போய் ஃப்ரிட்ஜ் முனையில் வைத்து, அது உறுமிக் கிளம்பும்போது காட்டினார். பத்துக்கும் கீழே.

"பேட்டரியில நிறைய இருக்கு சார். அங்க போய்ச் சேரல. இவ்வளவு மெல்லிசு வயர், இவ்வளவு தூரம். வழியிலயே போயிடுது. அது பாவம், பேட்டரி காலின்னு நினைச்சு நின்னுடுது."

"அப்ப பெரிய பேட்டரி வாங்கினது?"

"வீண்தான்" என்றார், ஒரு தயவு தாட்சண்யமும் இல்லாமல்.

பேட்டரி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். நடுவில் அரை மீட்டர், தடித்த வயர். தூரம் வேண்டுமென்றால் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் தடித்த வயராக. அவர் போன பிறகு அந்த மணி வயரைச் சுருட்டியபடி கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். இருந்ததே. என்னிடம் இருந்ததே. போய்ச் சேரவில்லை என்று இருபது வருடத்தில் ஒருவரும் மீட்டர் வைத்துக் காட்டவில்லையே.

சரி, போதும். ஃப்ரிட்ஜைப் பற்றித்தானே எழுத வந்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஐந்து நாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நடுவில் ஒரு நாள் முழுக்க மேகமூட்டம், அதையும் தாண்டிவிட்டது. பால் அப்படியே இருக்கிறது. நானே குடித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன். சட்டை இஸ்திரி போட வேண்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்றாவது மாடி. அவள் வீட்டுக்குள் இன்றுதான் முதல்முறை போகிறேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் பாதி படித்த புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. நம் வீட்டில் அவள் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பேனல், வயர், ஐந்து நாள், மேகமூட்டம். "இந்தத் தடவை நாலு நாள் இருக்கலாம். ஐஸே வேண்டாம்" என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். காப்பித் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். பிறகு, "பொண்ணுக்குப் பத்து வயசு. அந்த வருஷம் ஞாபகம் இருக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க புதருக்குப் பின்னால போய் ஐஸைக் கொட்டினதை நான் பார்த்தேங்க."

எழுதக் கை வராதது இதுதான். அந்த வருடம் மூன்றாம் நாளும் பாதிப் பெட்டி ஐஸ் இருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். ஐஸ் கரைஞ்சிடுச்சு, பால் கெட்டுடும். அவள் கூடாரத்தின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள்! ஒன்பது வருடம் அதைச் சுமந்துகொண்டு எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இருந்திருப்பீங்களா?"

அவளே சொன்னாள்: "இருந்திருப்பீங்க. மணியைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பீங்க. எனக்கு அது வேணாம்னு தோணிச்சு."

வாசல்வரை வந்தாள். "பார்த்துப் போங்க, படி உயரம் ஜாஸ்தி" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அச்சகம் திறக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஐஸ் கொட்டிய அன்றைக்கு அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அச்சகம் ஒரு சாக்கு. சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியவில்லை. பிடுங்க முளை இல்லாமல், கட்ட மூட்டை இல்லாமல், அவள் பக்கத்தில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு என்ன பேசுவது? அதற்குப் பயந்து ஐஸைக் கொட்டினேன். கேட்டால் யாராவது நம்புவார்களா? கட்டின பெண்டாட்டியோடு ஒரு நாள் கூடுதலாக இருக்கப் பயம்.

நெஞ்சு வலிக்கிறது. டாக்டரிடம் காட்டுகிற வலி இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

போன். "நான்தான்" என்றாள். முன்பெல்லாம் "ஏங்க" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவள் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்தில் இருந்து இரண்டு பெண்களோடு ஏரிக்குப் போகிறாளாம். நம் இடத்துக்கேதான். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்த ஃப்ரிட்ஜை இரவல் தர முடியுமா? சங்கடமா இருந்தா வேண்டாம்."

"சங்கடம் என்ன, எடுத்துக்கோ" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள். வாசலில் யாரோ விசிட்டிங் கார்டு கேட்டு நின்றார்கள், நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். பிழைப்பில் முதல்முறையாக வாசலுக்கு வந்த வேலையை நாளைக்குத் தள்ளியிருக்கிறேன். கொஞ்சம் தாமதம்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஃப்ரிட்ஜை எப்படி வைப்பது என்று ஒரு தாள் அடித்தேன், ஒரே ஒரு பிரதி, நல்ல தடித்த காகிதத்தில். பேனல் வெயிலில். பெட்டி நிழலில். பேட்டரி பெட்டிக்குப் பக்கத்திலேயே. மணிக்கொரு தரம் மூடியைத் திறக்க வேண்டாம். கீழே ஒரு கட்டம்: நாள் ஒன்று முதல் நான்கு வரை, காலை வெப்பநிலை. ஓரத்தில் இடம் மிஞ்சியது, அதில் "குறிப்பு" என்று போட்டேன்.

மகள் வாங்கிப் படித்தாள். "என்னப்பா, இது லெட்டரா, மருந்துச் சீட்டா?" என்றாள். பிறகு அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "பிழை ஏதும் இல்லப்பா" என்றாள்.

ஏப்ரல் 22, புதன்

மனைவியே வந்து எடுத்துப் போனாள். ஒரு கைப்பிடிதான் இருப்பதால் மறுபக்கத்தை நான் பிடித்தேன். வண்டிவரை சேர்ந்து தூக்கினோம். உள்ளே பால் ஏற்கெனவே குளிர வைத்திருந்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இரண்டாம் நாள். வானம் சுத்தமாக இருக்கிறது. அங்கேயும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நான்காம் நாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்றுத்தான் திரும்பினார்களாம். இன்று கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் கறுத்திருக்கிறாள். மூக்கு நுனி உரிந்திருக்கிறது. "உள்ள வாயேன்" என்றேன். "இல்லைங்க, வண்டி நிக்குது" என்றாள். கொஞ்சம் நின்றாள். "ஒரு தடவைகூட நிக்கலைங்க" என்றாள். போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்திருக்கிறாள். வாடை அடிக்காமல் இருக்க, துணியை நான்காக மடித்து மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகியிருந்தாள். அதற்கு அடியில் என் தாள்.

நாள் 1: 4 டிகிரி. குறிப்பில் ஒன்றுமில்லை.

நாள் 2: 4 டிகிரி. ஒன்றுமில்லை.

நாள் 3: 5 டிகிரி. "மூடியை அடிக்கடி திறந்துவிட்டோம்."

நாள் 4: 4 டிகிரி. "நாரை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. நம் மேல் பயம் போக அதற்கு நாலு நாள் ஆகிறது."

அதோடு என் கட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பேனாவால், அளவுகோல் இல்லாமல், கோணலாக இன்னொரு வரி போட்டிருக்கிறாள்.

நாள் 5: 4 டிகிரி. "பால் கெடவில்லை."

ஏப்ரல் 29, புதன்

காலையில் கையெழுத்துப் போட்டு, உறையை நானே கொண்டுபோய் வக்கீல் அலுவலகத்தில் கொடுத்தேன். அச்சகத்துக்குத் திரும்பி வந்து ஃப்ரிட்ஜை மூடி வைக்கலாம் என்று போனேன். அவள் செருகிய துணியில் இன்னும் ஈரம் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.