சம்மதம் என்று எழுதியது நான்தான்

பாடாலூர்
19.7.1999

அன்புள்ள பிரேம் அண்ணாவுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே அண்ணா, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். உன் ரூமில் இருக்கும் அரும்பாவூர் அண்ணன்களிடம்கூட வேண்டாம், அவர்கள் ஊருக்கு போன் போடும்போது ஒரு வார்த்தை விட்டாலும் அப்பா காதுக்கு வந்துவிடும். இதே கவரில் இருக்கும் பெரிய கடிதம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது, எப்போதும் போல அதை எல்லோருக்கும் படித்துக் காட்டு. இது மட்டும் நானாக எழுதுவது. காலையில் கவரை ஒட்டும்போது உள்ளே வைத்துவிடுவேன்.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், சிங்கப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறாள். உயரத்தில் ஏறினால் பெல்ட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னாள். விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறோம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அப்பா கடிதத்தில் இதெல்லாம் இருக்கும், எல்லாம் உண்மைதான். கடைசியில் ஒரு வரி இருக்கும், நான் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், எனக்கும் அதில் சம்மதம் என்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து நீ நம்பிவிடுவாய், சரி என்று பதில் போட்டுவிடுவாய், உன் பதில் வந்த மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து டி.சி. வாங்கிவிடுவார்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. போன வாரம் அமெரிக்காவில் பொம்பளைகள் உலகக் கோப்பை கால்பந்து முடிந்தது, உனக்கும் தெரிந்திருக்கும். ஜெயித்த டீமில் கடைசிப் பந்தை அடித்த அக்கா சந்தோஷத்தில் மேல்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டுக் கத்துகிற போட்டோவைப் பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே கறுப்பாக ஒரு பனியன் போட்டிருக்கிறாள் அண்ணா, ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் ஆடியும் யாரும் ஒரு கோல்கூடப் போடவில்லையாம், கடைசியில் பெனால்டியில் இடது காலால் அடித்து ஜெயித்தாளாம். இதெல்லாம் எங்கள் பி.டி. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேப்பரில் ஆட்டத்தைப் பற்றி நாலே வரிதான், படம்தான் அரைப் பக்கம்.

அந்தப் பேப்பர் கொளஞ்சியப்பன் டீக்கடையில் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. அப்பா போய் உட்கார்ந்ததும் அரியமுத்துச் சித்தப்பா அதை விரித்துக் காட்டி, "என்னா பிச்சைமுத்தண்ணே, ஒம் மவளும் இந்தப் பந்தத்தான ஒதைக்குது, நாளைக்கு செயிச்சா அதுவும் சட்டயக் கழட்டிப்புடுமா" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா டீயைக் குடிக்காமல் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை அடிக்கவில்லை அண்ணா, திட்டக்கூட இல்லை. பேப்பரை என் முன்னால் வைத்து, "ஏன் ஆத்தா, செயிச்சா இப்புடித்தான் செய்யணுமா" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் சுடிதார் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுத்தான் ஆடுகிறோம் என்று அவருக்கே தெரியும். பெரம்பலூரில் கடை கடையாக ஏறி எனக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்தவர் அவர்தானே. எனக்கு அழுகைதான் வந்தது.

பேப்பரை அடுப்பில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படிக்கத் தெரியாதில்லையா, அந்தப் பொண்ணு வீட்டில் யாராவது செத்துப்போய்விட்டார்களா, இப்படிக் கதறுகிறதே என்று என்னிடம் கேட்டாள். இல்லை அம்மா, ஜெயித்துவிட்டாள் என்றேன். படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக, "செயிச்சா இம்புட்டு சந்தோசமா இருக்குமா பாப்பா" என்றாள். அப்பா கேட்டபோது எரித்தாயிற்று என்று சொன்னாள். இல்லை அண்ணா, அடுப்பில் போட்டது வேறு பேப்பர். அந்தப் படம் இன்னும் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அப்பா சொல்லிக்கொண்டே வந்தவர், பள்ளிக்கூடம் போனால்தானே பந்து, அதனால் படிப்பை நிறுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லி, "அவளுக்கும் சம்மதம்னு எழுது" என்றார். என் பேனா நின்றுவிட்டது. எழுதிட்டியா என்றார், எழுதிட்டேன்ங்கப்பா என்றேன், பிறகுதான் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார், அதையும் படித்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அப்பா கையெழுத்துப் போட்டார். ஊருக்குப் பயந்துதான் செய்கிறார் அண்ணா, அவர் மேல் நீ கோபப்படாதே.

அடுத்த மாதம் அரியலூரில் போட்டி, என் பெயர் இருக்கிறது. அதுகூடப் போகட்டும், பந்தைத் தொடாதே என்றால் தொடாமல் இருந்துவிடுவேன், பத்தாவது மட்டும் எழுத வேண்டும். அப்பா உன் பேச்சைத் தட்ட மாட்டார். நீ பதில் எழுதாதே, கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை டீக்கடை போனுக்குக் கூப்பிடு. அப்பா பேசிய பிறகு என்னைக் கூப்பிடச் சொல்லி, சம்மதமா என்று நீயே என்னைக் கேள். அப்பா பக்கத்தில் நிற்பார், அரியமுத்துச் சித்தப்பாவும் இருப்பார், எனக்கு வாய் வராது. நான் பேசாமல் நின்றால் நீ புரிந்துகொள். இங்கே யாரும் இல்லை, கடலை மூட்டை அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சிம்னி விளக்கில் எழுதுகிறேன், இங்கேயே அதை நேராக எழுத எனக்குக் கை வரவில்லை பார்.

மாரியம்மன் கோயில் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், வேலைக்குப் போகும்போது மறக்காமல் பூசிக்கொள். இதைப் படித்ததும் கிழித்துப்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவாக இருந்தால் பாப்பா என்று கூப்பிட்டிருப்பாள். எனக்குச் சம்மதம் இல்லை அண்ணா