ஒன்பதாம் எண் வீட்டுக்கு எத்தனை ஆண்டு?

டாட்மோர்டன்,
24 செப்டம்பர் 2023

அன்புள்ள ரோவெனாவுக்கு,

உன் மாமா டெஸ்மண்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை பெரில், என் இடது முழங்கால் மூவரும் சுகம், வலது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் கால்நடை ஆஸ்பத்திரியும் அதில் படுத்திருக்கும் ஆடுகளும் எப்படி என்று ஒரு வரி எழுது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையை நெஞ்சின் மேலும் இன்னொரு கையைத் தேநீர்க் கெண்டியின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன், எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இந்தக் கடிதத்தில் வரும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. நீயும் நம்ப வேண்டியதில்லை. உன் அம்மா போனபின் ஆறு வயதில் ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தாயே, அன்றிலிருந்து நான் சொன்ன எதையாவது நீ நம்பியிருக்கிறாயா.

விஷயம் ஒன்பதாம் எண் வீடு. நம் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி இருப்பது, நீ கல்லூரிக்குப் போன வருஷம் வாடகைக்கு விடுவோருக்கான கடனில் நான் வாங்கியது. படிப்பு முடிந்து திரும்பி வந்ததும் கடனை வேறு வகைக்கு மாற்றிக்கொள்வேன், நீ அதில் இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முப்பது அடி நடந்து வருவாய் என்பது என் மகத்தான திட்டம். நீ படிப்பை முடித்துவிட்டு, பூமியில் இதற்கு மேல் தள்ளிப் போக இடமில்லை என்கிற இடத்துக்குப் போய்விட்டாய். போகட்டும். ஏழு வருஷமாக அதில் மிஸஸ் கிராப்ட்ரீ குடியிருக்கிறாள், முப்பது வருஷம் குதிரைப் பந்தயக் கடையில் பந்தய விகிதம் எழுதிப் போட்ட அம்மாள், உனக்குத் தெரியும். அந்தக் கடனின் நிலையான வட்டி அக்டோபரோடு முடிகிறது. இதுவரை மாதம் நூற்று அறுபத்தெட்டு பவுண்டு கட்டினேன். சும்மா இருந்தால் நவம்பரிலிருந்து அறுநூற்று இருபத்து மூன்று. அவள் தரும் வாடகை ஐந்நூற்று அறுபது. வங்கியின் கடிதத்தைப் படித்ததும் என் தொப்பி தானாக எழும்பி மேற்கூரையில் முட்டி, கீழே இறங்க மறுத்துவிட்டது.

இனி இரண்டு வழி. இரண்டாண்டுக்கு வட்டியை நிலையாகப் பூட்டினால் மாதம் நானூற்று இருபது. ஐந்தாண்டுக்குப் பூட்டினால் முந்நூற்று எண்பத்தைந்து. பூட்டிவிட்டால் வெளியே வட்டி வானத்துக்கு ஏறினாலும் நமக்குக் கவலையில்லை, பாதாளத்துக்கு இறங்கினாலும் நமக்கு லாபமில்லை. நடுவில் பூட்டை உடைத்தால் அபராதம், ஐந்தாண்டுப் பூட்டு என்றால் முதல் வருஷம் நாலாயிரத்து இருநூறு. அதோடு இந்த வகைக் கடன் இருக்கும்வரை அந்த வீட்டில் நாமோ நம் குடும்பத்தாரோ குடியிருக்கக் கூடாது. ஆக ஐந்து என்று எழுதிக் கொடுத்தால் 2028 வரை உன் பெட்டியை அந்த வீட்டுப் படியில் வைக்க முடியாது. என்ன செய்வது என்பதற்கு எனக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம்.

கடன் தரகன் நட்டாலைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயசுப் பையன், கழுத்துப்பட்டையில் முட்டைக் கறை, கணக்கில் மட்டும் ராட்சசன். கணக்குப் பொறியை அவன் தட்டிய வேகத்தில் பொத்தான்களிலிருந்து புகை வந்தது, தெருவில் போன தீயணைப்பு வண்டி ஒன்று நின்று விசாரித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் அவன் சொன்னது இதுதான், இரண்டாண்டுக்குப் போனால் அந்த இரண்டு வருஷத்தில் எண்ணூற்று நாற்பது பவுண்டு கூட, முடிந்ததும் மறுபடி வேறு கடனுக்கு மாறுகிற கட்டணம் ஓர் ஆயிரம், அப்போது வட்டி என்ன இருக்குமோ கடவுளுக்கே தெரியாது, வீட்டை விற்கவோ திரும்ப எடுக்கவோ போவதில்லை என்றால் ஐந்துதான் அறிவுள்ளவன் செய்வது. உன் அத்தையும் அதையேதான் சொன்னாள். ஐந்து போடுங்கள், மறுபடி மறுபடி இந்தத் தரகனுக்குப் படியளக்க முடியாது, அந்தப் பெண் அங்கே வேலையும் வீடும் சினேகிதர்களுமாக நன்றாக இருக்கிறாள், காலியாகக் கிடக்கும் உங்கள் தலையில் மூளையைக் குடிவைத்துவிட்டு எண்களைப் பாருங்கள் என்றாள். மூன்று நாள் இதே பாட்டு. நாலாம் நாள் எனக்கு வந்த வேகவைத்த முட்டையின் மேல் ஐந்து என்று பென்சிலால் எழுதியிருந்தது.

எதைப் பூட்டினாலும் வாடகையை ஏற்றத்தானே வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அறுநூற்று இருபது கேட்பது என்று கண்ணாடி முன் நாற்பது தடவை ஒத்திகை பார்த்து, கோட்டு மாட்டிக்கொண்டு ஒன்பதாம் எண் கதவைத் தட்டினேன். நம் ஊர் வழக்கப்படி முதலில் மழையைப் பற்றிப் பேசினோம். பேழை கட்டிய நோவாவுக்குப் பெய்தது வெறும் தூறல், நமக்குப் பெய்வதுதான் மழை என்கிற முடிவுக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தேநீர் வந்தது, இஞ்சி கேக் வந்தது. வாயைத் திறக்கப்போகிறேன், அந்த நேரம் பார்த்து அவள், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனால் ஒரு தொந்தரவும் இல்லை, காலையில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான், நான் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சிரித்தபடி சொன்னாள். ரோவெனா, இந்த ஊரில் ஒருவர் தொந்தரவே இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் மனிதன் என்ன செய்ய முடியும். பதினொரு தடவை மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்து நின்று யோசித்துப் பார்த்தால், புதுக் கொதிகலனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாடகையில் பத்து பவுண்டு குறைத்திருக்கிறேன், அவளுடைய குப்பைத் தொட்டியை நான்தான் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போகிறேன்.

மறுநாள் காலை அவளே வந்துவிட்டாள். வட்டி ஏறியிருப்பது எனக்குத் தெரியாதா, பத்திரிகை படிக்கிறவள்தானே, அறுநூறு தருவதாகச் சொல்லத்தான் கேக்கே செய்தேன், நீங்கள் பேச விட்டால்தானே என்றாள். நான் ஐந்நூற்று ஐம்பதுக்கு மேல் ஒரு காசு வாங்கமாட்டேன் என்றேன். அவள் ஐந்நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே ஒரு காசு இறங்கமாட்டேன் என்றாள். உலகத்தில் எந்த வீட்டுக்காரனும் எந்தக் குடித்தனக்காரியும் இப்படிச் சண்டை போட்டிருக்கமாட்டார்கள். பெரில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் பிஸ்கட்டை முடித்தபின் ஐந்நூற்று எண்பதில் சமாதானம் ஆயிற்று. எத்தனை ஆண்டு என்று நான் அவளிடமே கேட்டேன். தன் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பற்றிய கேள்வி ஆயிற்றே, ஐந்து என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பப்பில் இறைச்சிக்குச் சீட்டுக் குலுக்கல். அன்றைய பரிசான ஆட்டுத்தொடை எவ்வளவு பெரியது என்றால் அதற்கென்று தனி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சீட்டு எடுக்கும் முன் யாரோ என் பிரச்சினையை எடுத்துவிட்டார்கள், கையை உயர்த்தி வாக்கெடுப்பே நடந்தது. ஐந்தாண்டுக்கு நாற்பத்தொரு கை. இரண்டாண்டுக்குச் சமையலறை நாய் ஒரு பாதத்தைத் தூக்கியது, அதுவும் தொடையைப் பார்த்துத் தூக்கியதாகத்தான் கேள்வி. நட்டால், பெரில், மிஸஸ் கிராப்ட்ரீ, நாற்பத்தொரு பேர், கணிதம் என்கிற சாஸ்திரம் எல்லாம் ஒரு பக்கம். நேற்றுச் சனிக்கிழமை காலை நட்டாலின் அறைக்குள் போனேன், என் பேனாவை உறையிலிருந்து உருவிய ஓசையில் ஹாலிஃபாக்ஸ் ஊர் வரை ஜன்னல்கள் அதிர்ந்தன, இரண்டாண்டு என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு வந்தேன்.

ஏன் என்று அத்தை கேட்டாள். வட்டி அடுத்த வருஷம் இறங்கும் என்று மத்திய வங்கித் தலைவர் கனவில் வந்து காதில் சொன்னார் என்றேன். நம்பவில்லை. நாயின் கருத்தை நான் மதிக்கிறேன் என்றேன். உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். மிஸஸ் கிராப்ட்ரீயிடம் சொல்லக் கால் வராமல் மாலையில்தான் போனேன். அவள் மழையைப் பற்றிப் பேசவே இல்லை, அதிலேயே விஷயம் அவள் காதுக்கு எட்டிவிட்டது தெரிந்தது. தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள், “உங்க பொண்ணு வந்தா நான் மோர்க்கம்பில என் தங்கச்சி வீட்டுக்குப் போயிக்கிறேன் தம்பி. அவ கொறட்ட விடுவா, எனக்குக் காது கேக்காது. பொருத்தம் பாத்து வச்ச மாதிரி இருக்கு.” அதற்குப் பிறகு பழைய தொழில் புத்தி வந்துவிட்டது. நீ இரண்டாண்டுக்குள் வருவதற்கு ஒரு பவுண்டுக்கு ஏழு பவுண்டு என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த அடுப்படிப் பலகையை என் பக்கம் திருப்பினாள். நான் ஐந்து பவுண்டு எடுத்து வைத்தேன். சீட்டுக் கிழித்துக் கொடுத்தவள், “உங்களுக்கு முன்னாடியே ஒருத்தங்க பத்து கட்டிட்டுப் போயாச்சு” என்றாள். யார் என்று கேட்டேன். தொழில் ரகசியம் என்றாள். ஆனால் பலகையின் ஓரத்தில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு விமானச் சீட்டுக்கு அலைய வேண்டாம். அங்கே உனக்கு நல்லதென்றால் அங்கேயே இரு, ஆடுகளும் ஜீவன்கள்தான், அவற்றுக்கும் டாக்டர் வேண்டும். வருகிற உத்தேசம் கொஞ்சமும் இல்லையென்றால் அதையும் பூசி மெழுகாமல் எழுது, இரண்டு வருஷம் முடிந்ததும் ஐந்துக்கு மாற்றிக்கொள்கிறேன், மிஸஸ் கிராப்ட்ரீயும் நிம்மதியாகப் புது ஜன்னல் திரை மாட்டுவாள். வேளைக்குச் சாப்பிடு. மாட்டுக்குப் பின்னால் நின்று வைத்தியம் பார்க்காதே. அடுத்த மாதம் பதினெட்டு அத்தையின் அறுபத்தைந்தாவது பிறந்தநாள், போன வருஷம் போல மறுநாள் கூப்பிட்டு அங்கே நேரம் வேறே என்று கதை விடாதே, உங்களுக்குத்தான் முதலில் விடிகிறது. நீ எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல கூரைக்குக் கீழே, நல்ல மனுஷர்கள் நடுவே இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

சொன்ன வாக்குப்படி இதில் எதையும் நம்பாதே. தொப்பி பறக்கவில்லை, தீயணைப்பு வண்டி நிற்கவில்லை, நாய்க்கு வாக்குரிமை கிடையாது. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். நட்டாலின் படிவத்தில், இரண்டாண்டுக்குப் பிறகு இந்த வீட்டை என்ன செய்வதாக உத்தேசம் என்று ஒரு கேள்வி இருந்தது. விற்பது, வாடகையைத் தொடர்வது, வேறு என்று மூன்று கட்டம். நான் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் உன் முழுப் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவன் கண்ணாடியை ஏற்றி விட்டுப் படித்துவிட்டு, இது பதிலே இல்லையே சார் என்றான்.

இப்படிக்கு,
உன் மாமா,
டெஸ்மண்ட் ஹெப்வொர்த்