பாறைக்கு ஒரு சட்டை, வழிக்கு ஒரு சட்டை

இன்று காலை கடை திறந்ததும் ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். காலேஜில் பாறை ஏறக் கூட்டிப் போகிறார்களாம், அதற்கு ஒரு பேண்ட் வேண்டுமாம். புதுக்கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் போட்டேன். கஞ்சி போட்ட பருத்தியின் வாசனை எழுந்தது. என்னையும் அறியாமல், "போட்டுட்டு வந்து ஒரு காலைத் தூக்கி இந்த ஸ்டூல் மேல வைம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பா என்னை முறைத்தார். அவளோ சிரித்துக்கொண்டே உள்ளே போய் மாற்றிவந்து காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். "தொடையில பிடிக்குது அங்கிள், வேற குடுங்க" என்றாள். அதன் பிறகு வியாபாரத்தில் எனக்கு மனம் ஓடவில்லை. மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாடிக்கு வந்து உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ முதன்முதலாக எங்கள் ராயபுரம் கடைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஹார்பர் ஆபீஸ் கிளார்க்; இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவன் என்று நினைத்தேன். நீ ஒரு சாம்பல் நிற பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூல் மேல் ஒரு காலை வைத்து, அப்படியே குந்தி எழுந்தாய். கல்லாவில் இருந்த என் அப்பா பதறிப்போய், "ஏல, என்னல கூத்து இது, கடைக்குள்ள?" என்றார்.

"அண்ணாச்சி, நான் பாறை ஏறுறவன். அந்தரத்துல தொங்கிகினு கீறப்ப இது பர்ர்னு கிழிஞ்சா, ஊசி நூலுக்கு நான் எங்க போவேன்?"

அப்பா சிரித்து நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தார். நானும் உன்னோடு ஒட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறைக்கு நீயும் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஆட்கள் சிலரும் போவீர்கள். மூன்றாவது தடவை துணி எடுக்க வந்தபோது என்னையும் கூப்பிட்டாய். என்ன போட்டுக்கொண்டு வருவது என்று கேட்டேன். அன்று கடை சாத்தும் வரை நீ பேசியதெல்லாம் துணியைப் பற்றித்தான். துணிக்கடைக்காரன் மகனுக்கு நீ துணியைச் சொல்லித் தந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் நாங்கள் துணியைக் கையால் தடவிப் பார்த்துத் தேர்வு செய்கிறவர்கள். நீ முழங்காலாலும் முழங்கையாலும் பார்த்தாய்.

"ஜீன்ஸ் வோணாம் மாமு. காலு மேல வராது, நனைஞ்சா காயாது. வழவழன்னு கீற துணியும் வோணாம், கல்லுல வழுக்கும். தொளதொளன்னு போட்டா உன் காலு எங்க வெச்சன்னு உனுக்கே தெரியாது." சட்டை முழுக்கையாக இருக்க வேண்டும், உள்ளே செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிறு ஓடும் கொக்கியில் போய்ச் சிக்கும். கீழே கயிறு பிடிக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்ற நிறம் வேண்டும். மோதிரம், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே. எங்கள் கடை டெய்லரிடம் சொல்லி, இரண்டு கால்களும் சேருமிடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொன்னாய். அந்தத் துண்டு வைத்த பேண்ட்டில் நான் முதல்முறை இடுப்புயரத்துக்குக் காலைத் தூக்கியபோது, இத்தனை வருடம் வேறு யாருடைய காலையோ வைத்துக்கொண்டு நடந்தது போலிருந்தது.

உன்னிடம் ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் புரியவில்லை. நாங்களெல்லாம் பாறைக்குப் போடும் துணியிலேயே வீட்டிலிருந்து கிளம்புவோம். நீ மட்டும் வெள்ளைச் சட்டை, ஷூ, ஆபீசுக்குப் போகிற அதே கோலத்தில் வருவாய். பாறையடியில் மாற்றிக்கொள்வாய். இறங்கியதும் தண்ணீர் ஊற்றி முகம் கழுவி, தலை வாரி, மறுபடியும் வெள்ளைச் சட்டைக்குள் புகுந்துகொள்வாய். கேட்டதற்கு, "பாறைக்கு ஒரு சட்டை, வழிக்கு ஒரு சட்டை மாமு" என்றாய். அழகு பார்க்கிறாய் என்று கேலி செய்தேன். நீயும் சிரித்துவைத்தாய்.

பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிறு. நானும் நீயும் மட்டும் போயிருந்தோம். நல்ல வெயில். ஏறும் முன் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டேன். பாதிக்கு மேல் போய்க் கால் நழுவியது. நீ கயிற்றைப் பிடித்துவிட்டாய். ஆனால் விழுந்த வேகத்தில் கல்லின் விளிம்பு என் முன்னங்கையை நீளமாகக் கிழித்துவிட்டது. கீழே இறக்கிப் பார்த்தபோது ரத்தம் நிற்கவில்லை. என் துணி, உன் துணி, துண்டு எல்லாம் பாறை மண்ணும் வேர்வையுமாக இருந்தன. நீ பையைத் திறந்தாய். மடிப்புக் கலையாமல் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்தாய்.

"டேய், அது உன் சட்டைடா."

"கம்முனு கைய மேல தூக்கிப் புடி."

பக்கத்துக் கிராமத்தில் ஒரு கம்பவுண்டர் தையல் போட்டு அனுப்பினார். ஸ்டேஷனுக்கு வரும்போது சாயங்காலம். அவசரத்தில் பேண்ட்டைக்கூட மாற்றாமல், நீ முழங்காலில் ஒட்டுப் போட்ட பேண்ட்டும், மண் அப்பிய சட்டையுமாக, கயிற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாய். என் உடம்பிலும் அதே மண்தான். பிளாட்பாரத்தில் நின்ற போலீஸ்காரர் நேராக உன்னிடம் வந்தார்.

"டேய், பைல என்ன?"

"கயிறு சார். பாறை ஏறுறது."

"எந்த ஏரியா?"

"புளியந்தோப்பு."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "புளியந்தோப்பு. கயிறு, கொக்கி. இன்னைக்கு எந்த வீட்டுச் செவுரு?"

நீ ஆபீஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தாய். அதில் வெள்ளைச் சட்டையில் உன் போட்டோ. அவர் போட்டோவையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு அட்டைடா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ எதற்காக இத்தனை நாளும் வழிக்கென்று ஒரு சட்டை வைத்திருந்தாய் என்று. கடித்துக் கிழித்தபோதே இது உனக்குத் தெரிந்திருந்தது என்றும்.

நான் குறுக்கே போய், "சார், இவன் என் தோஸ்து. என் கையைப் பாருங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்க?"

"ராயபுரத்துல துணிக்கடை."

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க." பிறகு உன்னிடம், "நீ பையைக் கொட்டு."

நீ பையைக் கொட்டவில்லை. கீழே மெதுவாக வைத்தாய். குரல் உயரவில்லை.

"சார், நீங்க கேட்டா காட்டுறேன். ஆனா ஒண்ணு. அவருக்கு 'நீங்க', எனுக்கு 'நீ'யா? ரெண்டு பேரும் ஒரே கயித்துலதான் சார் தொங்குனோம்."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ஒரு ரயில் வந்து போயிற்று. அவர் ஒவ்வொரு கொக்கியாக எடுத்துப் பார்த்துவிட்டு, அட்டையை உன் கையில் வைத்தார். அடுத்த ரயிலில் ஏறினோம். தாம்பரம் தாண்டியது. பிறகு, "கை வலிக்குதா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன்.

"மாமு, பாறைக்கு இன்னா வோணும்னு நான் கரீட்டா பாத்து எடுத்தேன். வழிக்கு மட்டும் அடுத்தவன் கண்ணுக்காவ எடுத்தேன். இனிமே அது வோணாம்" என்றாய்.

மறுநாள் அப்பா, கடையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து உன்னிடம் நீட்டினார். "எம் பயலுக்காவக் கிழிச்சதுல்லா. வச்சுக்கிடும் வே." நீ வாங்கிக்கொண்டு, "ஆபீசுக்குப் போட்டுக்கறேன் அண்ணாச்சி" என்றாய்.

என் கை ஆறியதும் கிளம்பிய முதல் ஞாயிறு, உன்னைக் கூப்பிட உன் வீட்டுக்கே வந்தேன். நீ பாறைத் துணியில், கயிற்றைப் பையில் வைக்காமல் தோளில் சுற்றிக்கொண்டு நின்றாய். புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்த உன் அம்மா, "இன்னாடா இது கோலம்? மறுபடி நிறுத்திப் புடிச்சிட்டுப் போனா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "புடிச்சா சொல்லுவேம்மா, பாறை ஏறப் போறேன்னு. பொய்யா சொல்லப்போறேன்?" என்றாய். ஹவுசிங் போர்டு படிகளில் நீ இறங்கியபோது ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். நீ எல்லோருக்கும் நின்று பதில் சொன்னாய். நமக்கு ரயில் தப்பிவிட்டது.

சாயங்காலம் அதே ஸ்டேஷன், அதே போலீஸ்காரர். உன் தோளிலிருந்த கயிற்றைப் பார்த்தார். நீயே முதலில் பேசினாய். "வணக்கம் சார். அடுத்த வாரம் வர்றீங்களா? பூட்ஸு மட்டும் வோணாம், வழுக்கும்." அவர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகும் உன்னை நிறுத்தினார்கள். நீ எனக்குச் சொன்னது சில, சொல்லாதது எத்தனையோ. ஆனால் வழிக்கென்று ஒரு சட்டையை நீ மறுபடி எடுத்துவைக்கவே இல்லை. நெஞ்சுவலி என்று ஒரு காலையில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாலையில் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம். பௌத்த முறைப்படி அங்கே பஞ்சசீலம் சொன்னபோது நானும் கூடவே சொன்னேன்.

நான் இப்போதும் பாறைக்குப் போகிறேன். அதே கோலத்தில்தான் ரயிலில் வருகிறேன். ஜனங்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். உனக்கு அது வெட்கத்தோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

போன மாதம் பிளாட்பாரத்தில் போலீஸ்காரர்கள் பெயிண்ட் வாளியோடு ஒருவரை நிறுத்திவைத்து, "டேய், எங்கடா போற?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரயில் வந்துவிட்டது. நான் ஏறவில்லை. பக்கத்தில் போய் நின்று, "சார், அவரை 'நீங்க'ன்னே கேக்கலாமே" என்றேன். என் குரல் நடுங்கியது. உன் குரல் அன்று நடுங்கவே இல்லை.