கூட்டிப் பெருக்கிய கரடு

நரிப்பள்ளம்,
ஏரியூர் வழி.
12-8-1984

அன்புள்ள வஹிதாவுக்கு,

முனியா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், மழைதான் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நன்றாக இருக்க எங்கள் குலசாமியிடம் சொல்லியிருக்கிறேன். உன் பங்குக்கு நீயும் உன் அல்லாவிடம் எங்களுக்கு நாலு தூறல் கேள்.

கல்யாணமாகி மெட்ராசுக்குப் போனால் கை மரத்துப்போகுமா என்ன? மூன்று வருஷத்தில் ஒரு கார்டு உண்டா? முகவரியை உன் அண்ணன் அக்பர் அலியிடம்தான் வாங்கினேன். பக்ரீத் கிடாயைப் பார்க்கப் பாப்பாரப்பட்டியிலிருந்து போன வாரம் வந்திருந்தார். உங்கள் அத்தா காலத்திலிருந்து உங்கள் வீட்டுக் குர்பானிக் கிடாய் எங்கள் பட்டியில் வளர்ந்ததுதானே. வழக்கம்போல அடுத்த வருஷத்துக்கும் ஒரு குட்டியைப் பொறுக்கி, கழுத்தில் பச்சைக் கயிறு கட்டிவிட்டுப் போனார். பச்சைக் கயிறு ஏறிவிட்டால் அப்புறம் எவன் வந்து கேட்டாலும் என் அத்தை குள்ளம்மாள் அந்தக் குட்டியைக் கொடுக்க மாட்டாள். அத்தை இப்போது எனக்கு மாமியாரும் ஆகிவிட்டாள், அதனால் அவள் சொன்னது சொன்னதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு மேற்கே பாறைக் குன்றாக நிற்கும் எங்கள் கரட்டைப் பெங்களூர்க்காரர் ஒருவர் கல் எடுக்கக் கேட்டிருக்கிறார். கருங்கல்லாம், ஜப்பானில் சமாதிக்கு வைக்கிறார்களாம். பாறைக்குப் பாறை வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கரடு போனால் சுனையும் போச்சு, மேய்ச்சலும் போச்சு. எங்கள் மானாவாரி நிலத்தில் சாமையும் கடலையும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆட்டை நம்பித்தான் ஊரே இருக்கிறது. பென்னாகரம் ஹாஸ்டலில் உன் பக்கத்துப் பாயில் படுத்து நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும், இன்றைக்கு பால்வாடி டீச்சராக இருப்பதும் ஆட்டால்தான்.

நீ மலையையும் ஏரியையும் காப்பாற்றுகிற சங்கத்தில் வேலை செய்கிறாயாமே. அப்படியானால் இதையும் காப்பாற்று. என் டிரங்குப் பெட்டியிலிருந்து நீ திருடித் தின்ற கடலை உருண்டைக்கு ஈடாக இருக்கட்டும்.

உன்
முனியா


786
சென்னை-14
27-8-1984

என் முனியாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இவர் என்னமோ ஏதோவென்று பயந்து வந்து எட்டிப் பார்த்தார். கடலை உருண்டையை இன்னும் மறக்கவில்லையாடி நீ?

எங்கள் கூட்டமைப்புச் செயலாளர் குப்புராஜ் சாரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், கோட்டையில் எந்த அறைக்கும் நேராகப் போய் நிற்கக்கூடியவர். தருமபுரியில் கலெக்டரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை, உத்தரவு போடுவது மெட்ராசில் என்றார். அவர் சொல்லும் வழி இதுதான்: கரட்டைக் காப்புக்காடாக அறிவிக்கக் கேட்க வேண்டும். ஒரு இடம் காப்புக்காடு ஆகிவிட்டால், டெல்லியைக் கேட்காமல் யாரும் அதில் கல் எடுக்க முடியாது. நாலு வருஷத்துக்கு முன் வந்த சட்டம் அது.

நீங்கள் ஊர் மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். உசிலை மரம், வெப்பாலை, சுனை, மயில், முயல் எல்லாம் எழுதுங்கள். ஆட்டைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம். இங்கே ஆடு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஆடு மேய்ந்து அழிந்த வெறும் பாறை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பிறகு கல்லுக்கே கொடுத்துவிடுவார்கள். எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் சார் அனுபவஸ்தர்.

உன் வஹிதா


நரிப்பள்ளம்
20-9-1984

அன்புள்ள வஹிதாவுக்கு,

மனு இத்துடன் இருக்கிறது. ஊரில் பாதிப்பேர் கைநாட்டு, மீதிப்பேர் என்னிடம் எழுதப் படித்தவர்கள். நீ சொன்னபடி மயில் வரை எழுதியாயிற்று, ஆடு இல்லை.

இதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஆட்டை விட்டுவிட்டுக் கரட்டைப் பற்றி என்ன எழுதுவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மாது, "வஹிதா சொன்னா சரியாத்தான் இருக்கும், எழுதும்மே" என்று என் பக்கம் நின்றார். அத்தைதான் மடங்கவில்லை. "கறி திங்க ஆவுது, ஆடு மேயுறது மட்டும் ஆவாதா அவங்களுக்கு?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன், நீயே சொல்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. காப்புக்காடு ஆன பிறகு எங்கள் ஆடு எங்கே மேயும்? இதற்கு மட்டும் நழுவாமல் பதில் எழுது.

உன்
முனியா


786
சென்னை-14
30-1-1985

என் முனியாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே, மகனுக்கு அம்மை போட்டிருந்தது. நல்ல செய்தியோடு எழுதுகிறேன். மனு மேலே போய்விட்டது. பிப்ரவரி பதினைந்தாம் தேதி மெட்ராசிலிருந்து ஆய்வுக் குழு உங்கள் ஊருக்கு வருகிறது. அன்று கரட்டின் மேல் ஒரு ஆடுகூடக் கண்ணில் படக்கூடாது. மேய்ச்சல் நடக்கும் தடமும் தெரியக்கூடாது.

ஆட்டைப் பற்றி நீ பயப்படாதே. முதலில் கல்லுக்காரரை விரட்டுவோம், அடுத்த மாதமே மேய்ச்சல் உரிமை கேட்டு வாங்கிவிடுவோம். குப்புராஜ் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரை நம்பாவிட்டாலும் என்னை நம்பு. நான் இருக்கிறேன்.

உன் வஹிதா


நரிப்பள்ளம்
18-2-1985

அடி வஹிதா,

நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு நாடகம் வரும் என்று யார் கண்டது?

தடம் தெரியக்கூடாது என்று எழுதிவிட்டாய். கரடு முழுக்கப் புழுக்கை கிடக்கிறதே, அதை என்ன செய்வது? முந்தின நாள் விடிந்ததிலிருந்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் துடைப்பமும் கூடையுமாக ஏறிவிட்டோம். வாசலைக்கூட இப்படிக் கூட்டியதில்லை. பாறை இடுக்கில் கையை விட்டுப் பொறுக்கினோம். கூடை கூடையாகக் கொண்டுவந்து நிலத்தில் கொட்டினோம், எருவுக்காவது ஆயிற்று. ஆட்டையெல்லாம் மாதுவும் மற்ற ஆண்களும் ஆற்றுப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குழு வந்தது. இரண்டு ஜீப். மேலே ஏறினார்கள், சுனையில் முகம் கழுவினார்கள், அருமை அருமை என்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பாறைக்குப் பின்னால் ஒரு குரல், மே என்று. பார்த்தால் உன் அண்ணன் பச்சைக் கயிறு கட்டிய கிடாய். மந்தையை விட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறது. எனக்கு உயிரே இல்லை. வரவேற்புக்கு நிறுத்தி வைத்திருந்த பால்வாடிப் பிள்ளைகளைப் பாடுங்கள் என்று அதட்டினேன். அதுகள் தொண்டை கிழியப் பாடியதில் கிடாய் பயந்து ஓடிப்போயிற்று.

இறங்கும்போது பெரிய அதிகாரி அத்தையைப் பார்த்து, "இங்க ஆடு மாடு மேய்க்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். "இல்லீங்க" என்றாள். அவளைத் தொடர்ந்து ஊரே "இல்லீங்க" என்றது.

ராத்திரி சாப்பிடும்போது, "பொறந்ததுலருந்து ஆட்டுக்குப் பின்னாலயே நடந்தவ நானு. என் வாயாலயே இல்லன்னு சொல்ல வெச்சிட்டியேடி" என்றாள். அப்புறம் அவளே சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். நீ இருக்கிறாய் என்ற தைரியம்தான்.

உன்
முனியா


786
சென்னை-14
9-6-1986

என் முனியாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். பெங்களூர்க்காரர் கேட்ட அனுமதி தள்ளுபடி ஆகிவிட்டது. நரிப்பள்ளம் கரடு காப்புக்காடு ஆகப்போகிறது. உரிமை கோருபவர்கள் வரலாம் என்று ஊரில் தண்டோரா போடுவார்கள், அது வெறும் சடங்கு. குப்புராஜ் சாரின் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது, வெட்டி அனுப்புகிறேன். மாநிலத்திலேயே ஒரு சின்ன ஊர் மனுப் போட்டு ஒரு கரட்டை மீட்டது இதுதான் முதல் தடவை என்று கூட்டத்தில் பேசினார். உன் பெயரையும் சொன்னார். நான் எழுந்து நின்று கை தட்டினேன், போ.

அத்தைக்கு என் சலாம் சொல்.

உன் வஹிதா


நரிப்பள்ளம்
3-9-1986

அன்புள்ள வஹிதாவுக்கு,

கரட்டைச் சுற்றி அகழி வெட்டி முள்வேலி போட்டுவிட்டார்கள். வாட்சர் இரண்டு பேர் காவல். சுனைக்குக்கூடப் போக முடியவில்லை. முதல் நாள் பழக்கத்தில் உள்ளே நுழைந்த ஆடுகளைப் பிடித்து ஏரியூர் பவுண்டுத் தொழுவத்தில் அடைத்தார்கள். இந்த வருஷத்துப் பச்சைக் கயிற்றுக் கிடாயும் அதில் ஒன்று. மீட்டு வருவதற்குள் அது செத்துப்போயிற்று. பக்ரீத்துக்கு உன் அண்ணன் வந்து காலிப் பட்டியைப் பார்த்துவிட்டு சேலத்துச் சந்தைக்குப் போனார்.

அன்றைக்குக் குழுவோடு வந்திருந்த அதிகாரியிடம் போய் நின்றோம். "நாங்கதான் வந்து பாத்தமேம்மா. ஒரு புழுக்கைகூட இல்ல. கேட்டதுக்கு ஊரே இல்லீங்கன்னீங்க. இப்ப எங்கருந்து வந்துச்சு ஆடு?" என்றார். அன்றைக்கு ஒளித்து வைத்திருந்தோம் என்று மாது சொன்னார். "அப்ப அரசாங்கத்த ஏமாத்துனீங்களா?" என்றார்.

நவம்பர் பத்தாம் தேதி தருமபுரியில் உரிமை விசாரணை. அன்றைக்கு விட்டால் விட்டதுதானாம். குப்புராஜ் சார் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்: ஆடு இருந்தது, நாங்கள்தான் மறைக்கச் சொன்னோம் என்று. அவர் வராவிட்டால் நீ வா. நீ வந்து சொன்னால் கேட்பார்கள். நாள் நெருங்குகிறது வஹிதா. மற்ற வேலையெல்லாம் இருக்கட்டும்.

உன்
முனியா


786
சென்னை-14
4-11-1986

என் முனியாவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தடவை கிழித்துவிட்டேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஆடு இருந்தது என்று நாமே சொன்னால் மனுவே பொய் என்று ஆகிவிடுமாம், பெங்களூர்க்காரர் கோர்ட்டுக்குப் போவாராம். இதே வழியில் இன்னும் ஏழு மலைகளுக்குக் கேட்டிருக்கிறோம், அதெல்லாம் கவிழ்ந்துவிடும் என்கிறார். ஒரு ஊரையா ஒரு மாநிலத்தையா பார்ப்பது என்று என்னையே கேட்டார்.

நானாவது வரலாம் என்று பார்த்தேன். கூட்டமைப்பின் சார்பில் இல்லாமல் நான் வந்து என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். ஆட்டுக்குப் பதிலாக ஊருக்குத் தேனீப் பெட்டிகள் தர ஏற்பாடு செய்கிறோம். தேனுக்கு இங்கே நல்ல கிராக்கி.

உன் வஹிதா


786
சென்னை-14
20-4-1987

என் முனியாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இது மூன்றாவது கடிதம். நம் பழைய பள்ளிக்கூட டீச்சர் மாதிரி என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டாயா?

ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தினம். உங்கள் கரட்டின் அடிவாரத்திலேயே விழா நடத்தப்போகிறோம். அமைச்சர் வரக்கூடும். கரட்டை மீட்ட பெண் என்று உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அன்றைக்கு உன்னைப் பார்த்துவிடலாம் என்பதற்காகவே நானும் வருகிறேன். மேடையில் உன் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒரு கார்டாவது போடு.

உன் வஹிதா


கல்குவாரி,
தேன்கனிக்கோட்டை ரோடு.
17-5-1987

வஹிதாவுக்கு,

உன் கடிதங்களை அத்தை யாரிடமோ கொடுத்தனுப்பினாள். நாங்கள் பொங்கல் முடிந்ததும் இங்கே வந்துவிட்டோம். பால்வாடி வேலையை விட்டுவிட்டேன், பிள்ளைகளும் ஊரில் அதிகம் இல்லை. இருந்த ஆடுகளைப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளியாயிற்று. மாது கல் உடைக்கிறார். நான் ஜல்லி சுமக்கிறேன்.

குவாரி யாருடையது தெரியுமா? அதே பெங்களூர்க்காரருடையது. ஆள் சேர்க்கும்போது எந்த ஊர் என்று கேட்டார். நரிப்பள்ளம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிம்ம கல்லு சிகலில்லா, நீவே பந்த்ரா?" என்றார். உங்கள் கல்தான் கிடைக்கவில்லை, நீங்களே வந்துவிட்டீர்களா என்று. மாது தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

நவம்பர் பத்தாம் தேதி தருமபுரிக்கு நாங்கள் போனோம். சாயந்திரம் வரை பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கடிதம் அதற்குள் ஊருக்கு வந்து கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. மெட்ராஸ் பஸ் ஒவ்வொன்றும் வரும்போது எழுந்து போய் நின்றேன். அத்தை, "வருவாடி, நம்ம வூட்டுக் கிடா தின்னு வளந்த பொண்ணு" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். சாட்சி இல்லாமல் எங்கள் உரிமை தள்ளுபடி ஆயிற்று.

குப்புராஜ் சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. உன் மேல்தான் கோபம். அவருக்கு ஆடு என்றால் என்னவென்று தெரியாது, உனக்குத் தெரியும். ஏழு மலையையும் காப்பாற்று. அங்கேயெல்லாம் உனக்கு ஒரு முனியா கிடைப்பாள், ஊரைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பாள். அவளுக்கு மட்டும் நான் இருக்கிறேன் என்று எழுதாதே.

பொன்னாடைக்கு நான் வரமாட்டேன். பக்ரீத்துக்குக் கிடாய் பார்க்க நரிப்பள்ளத்துக்கு வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடு. வந்தால் அத்தை வெறும் கையோடு எதிரில் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அவள் மட்டும்தான் ஊரில் இருக்கிறாள், கரட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். இனி எனக்கு நீ எழுத வேண்டாம்.

விழா அன்று பெரியவர்களை மேலே கூட்டிப் போய்க் காட்டு. எவ்வளவு தேடினாலும் ஒரு புழுக்கை கிடைக்காது. இந்த முறை நாங்கள் கூட்டவில்லை.

இப்படிக்கு,
மா. முனியம்மாள்