வலிக்காத கண்

மிரியாலகூடா,
வியாழக்கிழமை

வசந்தாவுக்கு,

நீயும் அம்மாவும் நல்லா கீறீங்களா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் இல்ல, அலுப்புதான் தீர மாட்டேங்குது.

போன வாரம் நெல்லு அறுக்கிற மிஷின் ஓட்டும்போது கண்ணுல நெல்லுச் சுணைத் தூசி விழுந்துது. நீ முந்தானையைச் சுருட்டி, வாயால ஊதி ஊதி ஒத்துவியே, அதே மாதிரி துண்டைச் சுருட்டி நானே ஒத்திக்கினேன். வேலைத் துண்டு, அழுக்கு. நாலு நாள்ல கருவிழியில வெள்ளையா படிஞ்சுபோச்சு.

டாக்டர் "வலிக்குதா?"ன்னாரு. துளிகூட இல்லைன்னு பெருமையா சொன்னேன். அவரு முகமே மாறிடுச்சு. ரொம்ப நாள் சுகர் இருந்தா கருவிழிக்கு வலி மரத்துப்போவுமாம். அதான் அந்த அழுக்குத் துண்டுலேர்ந்து பூஞ்சை உள்ள இறங்கினதே எனக்குத் தெரியல. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து வுடறேன். சரியாயிடும், பயப்படாத.

இதை லாரிக்கார முத்துகிருஷ்ணன்கிட்ட குடுக்கறேன். அவன் திரும்பும்போது என் சுகர் மாத்திரைச் சீட்டைக் குடுத்தனுப்பு. உன் பழைய நூல்சேலை ஒண்ணும் துவைச்சு அதோட சேத்து அனுப்பு. எதுக்குன்னு கேக்காத.

லாரி ஆரன் அடிக்கிறான். வீடியோ கால்ல வராம இன்னாத்துக்குக் கடுதாசின்னு கேப்ப. கண்ணைப் பாத்தா போன்லயே ஊதுவ நீ.

தேவராஜன்