கீழ் மடிப்பில் ஒரு நீலப் புள்ளி

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. முக்கியமாக உன் அம்மாவுக்குக் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதில் இருப்பது தேயிலைத் தோட்டத்துக்குத் தெரிந்தால் அப்பாவின் டோபி வேலை போய்விடும். வேலை போனால் லயத்து வீட்டு வரிசையில் நாங்கள் குடியிருக்கும் இந்தக் காம்பிராவும் போய்விடும்.

எல்லோரும் தூங்கிய பிறகு, அப்பா துணி வைக்கும் சின்ன அறையில், மூட்டைகளுக்கு நடுவே குப்பி லாம்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறேன். மடியில் நீ கொடுத்துவிட்டுப் போன, முழங்கால் வரை வரும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இருக்கிறது. அப்பா மூன்று தடவை வெளுத்தும் பங்களா சோப்புத் தூளின் வாசம் அதிலிருந்து போகவில்லை. மூக்கை வைத்தால், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஹட்டன் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. ஜன்னல் பக்கம் எப்போதும் உனக்குத்தான்.

துணி வெளுக்கும் அந்த மெசின் வந்த நாளை நினைத்துப் பார். வட்டவளை ஸ்டேஷனிலிருந்து லொறியில் வந்ததை நான்கு பேர் பங்களாவின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் நீ, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு ஓடி வந்து சொன்னாய்: "அதுவே சுத்துது புள்ள. ரெண்டு ரப்பர் உருளை இருக்கு, துணிய நடுவுல விட்டா பிழிஞ்சு தள்ளிடுது. அம்மா கைகூட நனையல." பீலித் தண்ணீரில் விறைத்துப் போன என் கையை நான் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை.

துரையின் மனைவி துரைசாணி, வெள்ளைத் துணியெல்லாம் இனி மெசினுக்கு என்றும், கம்பளியும் திரைச்சீலையும் மட்டும் அப்பாவுக்கு என்றும் சொல்லிவிட்டார். அதை வைத்து எங்கள் வீடு எத்தனை நாள் ஓடும்? அப்பா கோபப்படவில்லை. "மெசினுக்குச் சளி புடிக்காதுல்ல, அதான்," என்று சொல்லிவிட்டு இருமினார். உன் அம்மா பங்களாவில் ஆயா. மெசினை ஓட்டுவதும் அவர் வேலையாகிவிட்டது.

அதன்பிறகு உன் சட்டையும் பங்களா துணியோடு மெசினில் விழுந்தது. என் சட்டையை அப்பா கடைசியில்தான் வெளுப்பார், ஊர்த் துணியெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய தண்ணீரில். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது டீச்சர் நம் இருவரையும் பார்த்தார். பின்னால் நின்றவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "டோபி மக சட்ட பழுப்பு, ஆயா மக சட்ட வெளுப்பு." வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என் தோளில் கைபோட்டாய். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

மழை தொடங்கியதும் மெசின் துணி மங்கிப் போனது. டோபி வெளுத்தபோது இருந்த பளபளப்பு எங்கே என்று துரைசாணி கேட்டதாகச் சொன்னாய். பீலிக்கரையில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாய்.

"ஒங்கப்பா நீலம் எப்புடிப் போடுவாரு? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னுச்சு."

எனக்குத் தெரியாதா? ஆறு வயதிலிருந்து நான்தான் அப்பாவுக்கு நீலம் முடிந்து கொடுக்கிறேன். நீலக் கட்டியைத் துணியில் முடிந்து தனித் தண்ணீரில் ஆட்ட வேண்டும். நிறம் ஒரே சீராக இறங்கிய பிறகு, சோப்புப் போக அலசிய துணியைத்தான் அதில் முக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"கட்டிய நொறுக்கி சோப்புத் தூளோடயே போட்டுடு. ஒங்க மெசின்தான் எல்லாம் செய்யுதே, அதுவே கரைச்சுக்கும்."

நீ அப்படியே நம்பினாய். "நீ இல்லாட்டி நாங்க என்ன செய்வோம்," என்றாய்.

நான் மறந்து சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

திங்கட்கிழமை பங்களாக் கொடியில் மேசை விரிப்பு, துரையின் சட்டைகள், துரைசாணியின் வெள்ளைக் கவுன் எல்லாம் தொங்கின. எல்லாவற்றிலும் நீலம் திட்டுத் திட்டாக, தேய்த்தாலும் போகாமல். அப்பாவுக்குச் சோறு கொண்டு போகிற சாக்கில் நான் போய்ப் பார்த்தேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு உன் அம்மா கொடிக்குக் கீழே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உன் அம்மா கூடையோடு நின்றார். பதினொரு வருஷம் பங்களாவில் இருந்த கை, கொழுந்து பறிக்கத் தெரியாமல் கங்காணியிடம் ஏச்சு வாங்கியது. அடுத்த மாதம் நீயும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது.

நீலத்தை அப்படிப் போடச் சொன்னது யார் என்று துரைசாணியே கேட்டாராம். என் பெயரை நீ சொல்லவே இல்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாயா, எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாயா? எனக்கு அதிகம் எரிவது அதுதான். வெள்ளைச் சட்டையையும் நீயே வைத்திருந்தாய். அந்த மனசையும் நீயே வைத்திருக்கிறாய்.

மற்றத் தோட்டத்து ஆட்களைப் போல உங்கள் குடும்பத்தையும் இந்தியாவுக்கு அனுப்பிய அன்று, லொறியில் ஏறுமுன் பொட்டலத்தைக் கொடுத்தாய். "ஒனக்கு அளவா இருக்கும் புள்ள. கீழ் மடிப்புல ஒரு நீலப் புள்ளி இருக்கு, வெளிய தெரியாது," என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போய்ச் சேர்ந்து நீ போட்ட கடிதத்தில் கப்பலில் கடலைப் பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதும் பொறாமையாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது பங்களா துணியெல்லாம் அப்பாவிடமே திரும்பி வந்துவிட்டது. மெசினைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அப்பா விடியும் முன்பே தண்ணீரில் இறங்குகிறார். இருமல் கூடிவிட்டது. நேற்று நீலம் முடியும்போது என்னிடம் சொன்னார்: "பாவம் அந்த ஆயா. நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருக்க மாட்டோமா?"

நான் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

டீச்சர் இப்போது என் சட்டையைப் பார்த்து நல்ல வெள்ளை என்கிறார். அந்தப் புள்ளி மிளகளவுதான். அப்பாவிடம் காட்டினால் ஒரே நாளில் எடுத்துவிடுவார், அவருக்கு வழி தெரியும். அதனால் அவர் வெளுக்க எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே மடிப்பைத் தைத்து மூடிவிடுகிறேன். அது போகக் கூடாது. நடக்கும்போது முழங்காலில் அந்த இடம் படுகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிகிறது.

உன் அம்மாவிடம் நான்தான் என்று நீயே சொல்லிவிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். தொடக்கத்தில் வேறு மாதிரி எழுதிவிட்டேன். எது சரி என்று நீயே…

அப்பா இருமுவது கேட்கிறது. கதவைத் தட்டுகிறார். "யாரும்மா உள்ள, வெளக்கு எரியுது?" சட்டை இன்னும் என் மடியில்…