கோல்கீப்பருக்கு அழைப்பு இல்லை

வால்யெவோ,
நவம்பர் 23

அன்புள்ள லியூபிஷாவுக்கு,

திஹோமிர் எழுதுகிறேன். என் இடது முழங்கால் நீங்கலாக, நானும் ஸ்தொயாங்காவும் சௌக்கியம். சைப்ரஸ் வெயிலில் உன் விரல் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோணல் சுண்டுவிரல் இன்னும் மடங்க மறுக்கிறதா?

பயிற்சியாளர் வேலையையும் விட்டுவிட்டாய் என்று போன வாரம் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடம் கோல் வாசலில் நின்றவனுக்கு நாலே வரி! படித்ததும் பழையதெல்லாம் வந்துவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கம்பங்களையும் குதிகாலால் உதைப்பாயே, அது. ஒரே பருவத்தில் ஏழு பெனால்ட்டியைத் தடுத்தது. தேசிய அணிக்கு ஒரே ஒருமுறை கூப்பிட்டு, பெஞ்சிலேயே உட்காரவைத்து அனுப்பினார்கள். அழுக்கே படாத அந்தச் சட்டையை உன் அம்மா மூன்று முறை துவைத்துக் கொடியில் போட்டு, தெருவையே பார்க்கவைத்தாள். பதினோரு வருடம் உனக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்றேன். உன் முகத்தைப் பார்த்ததைவிட முதுகுக்குப் பின்னால் உன் திட்டைக் கேட்டதுதான் அதிகம். "டேய் திஹோ, தூங்குறியா? இடது பக்கம் பாருடா, மரமே!" அந்தத் திட்டு விழாவிட்டால் எனக்கு ஆட்டமே வராது.

அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். கடைசி நிமிடம். சமநிலையில் முடிந்தாலே முதல் பிரிவுக்குப் போயிருப்போம். பந்து உயரமாக வந்தது. "என்னோடது, விடுடா!" என்று கத்தினாய். எனக்குக் கேட்டது. கேட்டும் பயத்தில் தலையை நீட்டினேன். என் தலையில் பட்டு, ஓடிவந்த உன்னைத் தாண்டிப் பந்து நம் வலைக்குள் போனது. நிருபர்களிடம், "அவன் குரலே கொடுக்கல" என்றேன். பக்கத்தில் நீ ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு எந்தக் கிளப்பும் உன்னைக் கோல் வாசலில் நிறுத்தவில்லை.

அந்த டிசம்பரில் இன்னொரு தவறும் செய்தேன். எங்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று பயந்து, போன் செய்து, "கண்டிப்பா வரணும்" என்றேன். நம் ஊர் வழக்கத்தில் ஒருமுறை வந்தவன் வருடாவருடம் தானாகவே வருவான்; அவனைத் திருநாளுக்கு யாராவது அழைப்பார்களா? அந்நியனைத்தானே அழைப்போம்? "ஓ, என்னைக் கூப்பிடுற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று போனை வைத்துவிட்டாய். பதினாறு வருடம் ஆகிறது. ஸ்தொயாங்கா வருடம் தவறாமல் சொல்லிக்காட்டுகிறாள்: "மைதானத்துலயும் வாயை மூடல, வீட்லயும் மூடல."

போன ஞாயிறு ஆற்றோரக் குடிக்கடையில், தபால்காரன் வேசெலின், "லியூபிஷா கோலை விட்டுட்டு உலாவப் போனதாலதான்யா தோத்தோம்" என்று சிரித்தான். நான் எழுந்து நின்று, "அவன் கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். எனக்கு ஊற்றியிருந்த பிளம் சாராயத்தை வேசெலின் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்கு வேண்டியதுதான்.

ஸ்தொயாங்கா கெண்டை மீனுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். திருநாளன்று மதியம் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நீ கால் நீட்டி உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் இத்தனை வருடம் யாரையும் உட்காரவிடவில்லை. என்னை மன்னித்துவிடு, லியூபிஷா. இந்தக் கடிதத்தில் எங்கேயும் உன்னை வரச் சொல்லவில்லை, பார்த்துக்கொள். இந்த முறை நான் அழைக்க மாட்டேன்.

புனித நிக்கோலா உன் கைகளைக் காக்கட்டும்.

உன் குரல் கேட்ட,
திஹோமிர்